தேர் இழுக்கும் ஜீப்பைக் காணோம்

அத்தியாயம் நான்கு

"ஜீப்பைத் திருட வந்தவன் அடுப்பையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போவானாக்கா? போற எடத்துல சமைச்சுச் சாப்பிடப் போறான் போலிருக்கு" என்றான் கோகிலன்.

கெர்ட்ரூட் அக்கா காதிலேயே வாங்கவில்லை. பத்துமலையின் பட்டறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்து, அதிலிருந்து கொட்டிய இரும்புக் குமிழ்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய் பிடித்த கை அது. கிடங்கு எரிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த ஒருவனிடம், "எரிஞ்சப்ப உன் நாயை எங்க கட்டியிருந்த" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அவனை வீட்டுக்கு அனுப்பியவர் என்று பேர். வேலையை விட்ட பிறகு லகாட் ரோட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தார். கோகிலனைச் சேர்த்தது கார் ஓட்டுவதற்காக. வாய் கூடவே இலவசமாக வந்து சேர்ந்தது.

"பதினாறு" என்றார் கெர்ட்ரூட், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே.

"பதினாறு என்ன?"

"ரிவிட். பழசு. தலைய வெட்டி எடுத்திருக்காங்க."

விஷயம் இதுதான். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தோட்டம் என்பது இப்போது பேருக்குத்தான். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, பாதி செம்பனையும் போய் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தன. ஜனங்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் குடிபோனார்கள். மாரியம்மன் மட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வருடத்துக்கு ஒருமுறை, எங்கே இருந்தாலும் அத்தனை பேரும் அவளுடைய திருவிழாவுக்கு வந்து நிற்பார்கள். அவளுடைய தேரை இழுப்பது மாடு அல்ல, டிராக்டர் அல்ல. வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போன போர்க்காலத்து ஜீப். வேறு எதைக் கட்டினாலும் தேர் அடம்பிடிக்கும் என்பது தோட்டத்தார் நம்பிக்கை, அதில் யாரும் வாதம் பண்ணக்கூடாது.

போன வருடம் தேர் சேற்றில் இறங்கியது. ஜீப் இழுத்த இழுப்பில் அதன் பின்பக்கக் குறுக்குச் சட்டம் விரிசல் கண்டது. வண்டியின் அடிக்கூடான செஸ்ஸியின் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது அந்தச் சட்டம்தான், தேர்க் கொக்கியும் அதில்தான் இருக்கிறது. மெக்கானிக் பத்துமலை பழைய சட்டத்தைக் கழற்றி எறிந்து, புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தான். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. இன்று வெள்ளிக்கிழமை, ராத்திரி ஏழு மணிக்குத் தேர். காலை எட்டு மணிக்குக் கோயில் தலைவர் சன்னாசி, ஜீப்புக்குப் பொட்டு வைக்கக் குங்குமத்தோடு வந்து பட்டறையைத் திறந்தார். ஜீப் நின்ற இடத்தில் நாலு டயர் தடமும் ஒரு பூனையும்தான் இருந்தன.

சன்னாசி போலீசுக்குப் போன் பண்ணவில்லை. கெர்ட்ரூடுக்குப் பண்ணினார்.

"தங்கச்சி, உன் தம்பி எடுத்துட்டான்."

தம்பி என்றால் லூயிஸ். அரசாங்கப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர், பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம். பத்து வருடமாக அந்த ஜீப்பின் மேல் அவனுக்குப் பைத்தியம். விலைக்குக் கேட்டான், மாட்டேன் என்றார்கள். துடைக்கவாவது விடுங்கள் என்றான், அதுவும் மாட்டேன் என்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், தேர் போய்க்கொண்டிருக்கும்போதே டார்ச்லைட்டோடு ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ படம் பிடித்தான். அம்மன் இருபது நிமிடம் நடுரோட்டில் காத்திருந்தாள். ஜீப் பக்கமே வரக்கூடாது என்று அன்றைக்கு விழுந்த தடை இன்னும் நீங்கவில்லை.

"பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஜீப் வரலைன்னா ரிப்போட்தான். பேரையும் சேர்த்து எழுதிக் குடுப்பேன்" என்று பட்டறை வாசலில் சன்னாசி நேரிலும் ஒருமுறை சொன்னார். எழுபத்திரண்டு வயது, குரல் மட்டும் இன்னும் கங்காணிக் குரல். "பத்துமலை என் முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கான், இந்தப் பட்டறையில லூயிஸ் கை ஜீப் மேல படாதுன்னு. அதையும் மீறி எடுத்திருக்கான்னா பாரேன்."

போலீஸ் ரிப்போட் என்றால் லூயிஸின் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். அது மூன்று பேருக்கும் தெரியும். கெர்ட்ரூட் அக்காவின் மூக்கு மட்டும் சிவந்தது.

"எந்தம்பி கிறுக்கன், அண்ணே. திருடன் இல்ல. அவன்தான் எடுத்தான்னா, நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

இந்த வாக்கைக் கேட்டதும் கோகிலன் லூயிஸுக்கு மறுபடியும் போன் அடித்தான். அக்கா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். லூயிஸின் போனோ காலையிலிருந்து கிடைக்கவே இல்லை.

சன்னாசி கோயிலுக்குக் கிளம்பியதும் கெர்ட்ரூட் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினார். கரி அடுப்பு இருந்த இடத்தில் சாம்பல் வட்டம். புதிய குறுக்குச் சட்டம் இல்லை. சுவரோரம் ஒரு அட்டைப்பெட்டி, பிரிக்காமல் கிடந்தது. அதில் புத்தம்புது போல்ட்டுகள். திருவிழாவுக்கு நாள் இல்லை, ரிவிட் கிவிட் என்று இழுக்காதே, இதைப் போட்டு முறுக்கு என்று சன்னாசியே வாங்கிக் கொடுத்த பெட்டி.

"சட்டத்தைத் தூக்கினவன் போல்ட்ட ஏன்க்கா விட்டுட்டுப் போனான்?"

"அவனுக்கு அது வேண்டாம். அதான் அடுப்பு போயிருக்கு. ரிவிட்ட நெருப்புல செவக்கச் செவக்கக் காய்ச்சி ஓட்டையில விடணும். ஒருத்தன் அந்தப் பக்கம் இரும்புக்கட்டையால முட்டுக் குடுக்கணும், ஒருத்தன் இந்தப் பக்கம் அடிக்கணும். ஆறும்போது அதுவே சுருங்கி ரெண்டு இரும்பையும் கடிச்சுப் பிடிச்சுக்கும். போல்ட் அப்படி இல்ல. இழுக்க இழுக்க ஓட்டை பெருசாகி ஆட்டம் குடுக்கும்."

"எம்மாடியோ. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் கிறிஸ்மஸ் சாப்பாட்டுல லூயிஸ் இதைத்தானே பேசுவான்" என்றார் கெர்ட்ரூட். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வா, பத்துமலையைப் பார்க்கலாம்" என்று வெளியே நடந்தார்.

கோகிலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போல்ட் பிடிக்காது, ரிவிட்தான் வேண்டும் என்று இந்தப் பேராக் மாநிலத்தில் அடம்பிடிக்கும் ஆசாமி எத்தனை பேர்? ஒன்றே ஒன்று. அதை அக்காவிடம் யார் சொல்வது? சம்பளம் கொடுக்கிற கையைக் கடிக்கும் தைரியம் அவனுக்கு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை.

பத்துமலை எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது தட்டு. இடது கையில் கரண்டி.

"ஜீப் காணாமப் போயிருக்கு. பசி நல்லா எடுக்குதா?" என்று எதிரே உட்கார்ந்தார் கெர்ட்ரூட்.

"கவலையில சாப்பிடறேன்க்கா."

"எப்பப் பூட்டுன?"

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு. கோயில்ல சாப்பாடுன்னாங்க, போனேன். பூட்டும்போது ஜீப் உள்ளதான் இருந்துச்சு. சத்தியமா."

"சாவி?"

"எப்பவும் தொங்குற எடத்துலதான் தொங்குச்சு."

"யார் எடுத்தாங்க?"

"எடுக்கும்போது நான் பார்க்கலக்கா." பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதற்கு மேல் அரை வார்த்தை இல்லை. கோயில் உண்டியலில் சில்லறை போடுவது போல் அளந்து அளந்து பேசினான்.

"அந்தத் தேத்தண்ணியக் கொஞ்சம் இப்படி எடுத்துக் குடு" என்றார் கெர்ட்ரூட்.

பத்துமலை வலது கையால் கிளாசைத் தூக்கினான். கை வெடவெடவென்று ஆடியது. தேத்தண்ணியில் பாதி மேசையில், கால்வாசி கோகிலனின் சட்டையில்.

"ஜொரமா?" என்று கேட்டான் கோகிலன், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"ஆமாலா. ஜொரம்தான்."

"கைக்கு மட்டும் ஜொரம். நெத்திக்கு வரல" என்றார் கெர்ட்ரூட். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கோகிலன் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, ரிவிட்டுக்கு ரெண்டு பேர் வேணும்னீங்க. சம்மட்டி பிடிச்ச கை அது. அப்ப முட்டுக் குடுத்தது..."

"முதல்ல எங்க அடிச்சாங்கன்னு பார்ப்போம். யார்னு அப்புறம்." குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. கோகிலன் மீண்டும் வாயை மூடினான். பத்து நிமிடத்தில் இரண்டாவது தடவை.

"பதினாறு ரிவிட்ட சம்மட்டியால அடிச்சா தாமான் முழுக்கக் கேக்கும். நேத்து யாருமே ஒன்னும் கேக்கலையாம். அது எப்படி?" என்றார் கெர்ட்ரூட்.

அதற்குப் பதில் கோயில் வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. உறுமி மேளக் குழு. எட்டுப் பையன்கள், ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, எட்டுப் பேர் முகத்திலும் எரிச்சல். நடுவில் தலைவன் விக்னேஸ்வரன், கோகிலனோடு ஒன்றாகப் படித்தவன், கையில் குச்சியை ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா மச்சான், கொலை விழுமா?" என்றான் கோகிலன்.

"நேத்து சாயங்காலம் பயிற்சியில ஒருத்தன் தாளம் தப்பிக்கிட்டே இருந்தான்லா. எவன்னு கேட்டா எவனும் ஒத்துக்க மாட்டேங்குறான். நாங்க அடிக்கறது ஒன்னு, நடுவுல டங்கு டங்குன்னு இன்னொன்னு. கடைசியில எல்லாரையும் நிறுத்தச் சொன்னேன். எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். அப்பவும் டங்குன்னு ஒரு அடி கேக்குது மச்சான்."

"யார் அடிச்சது?"

"அம்மன்தான் அடிச்சான்னு இவன் சொல்றான்." விக்னேஸ்வரன் ஓரத்தில் நின்ற குண்டுப் பையனைக் காட்டினான். அந்தப் பையன் பயபக்தியோடு தலையாட்டினான். நேற்று ராத்திரியிலிருந்து சைவமாம். கோழிக்கறி பொட்டலத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டானாம்.

கெர்ட்ரூட் முன்னால் வந்தார். "தொடர்ந்து அடிச்சாளா, விட்டு விட்டு அடிச்சாளா?"

"விட்டு விட்டுத்தான்க்கா. ஒரு கொத்து அடி, அப்புறம் சும்மா. ரெண்டு மூனு நிமிஷம் கழிச்சு மறுபடி ஒரு கொத்து."

இரும்பு காயும் நேரம், என்று கோகிலனுக்கே பட்டது.

"எத்தனை கொத்து? எண்ணியிருக்க மாட்ட."

விக்னேஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேளக்காரன் எண்ணாம இருப்பானா? பதினாறு."

"அம்மன் எந்தப் பக்கம் இருந்து அடிச்சா?"

எட்டுக் கைகள் ஒரே தாளத்தில் உயர்ந்து மேட்டைக் காட்டின. நேற்றுச் சாயங்காலம் முதல் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். மேட்டில், செம்பனைக்குப் பின்னால், பழைய ஸ்டோர். அந்தக் காலத்தில் ரப்பர் மரத்துப் பாலைக் கொண்டுவந்து தகடாக அழுத்திய கொட்டகை. இப்போது கூரை பாதிதான் இருக்கிறது.

மணி பதினொன்றேகால்.

மேடு ஏறியதும் கோகிலன்தான் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தான். கரி அடுப்பு அங்கே இருந்தது. கையை நீட்டினான், சாம்பல் ஆறியிருந்தது. தரையில் இரும்புச் செதில்கள். ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை. வாசலில், சக்கரம் உருண்ட தடத்தில், நான்கு எலுமிச்சம்பழங்கள் தோசை போல் நசுங்கிக் கிடந்தன. நான்கிலும் குங்குமம்.

கெர்ட்ரூட் அவற்றைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. காலையிலிருந்து இல்லாத ஒரு பிரகாசம்.

"பார்த்தியா? வேலை முடிஞ்சு வண்டி முதல் உருளு உருளும்போது எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியிருக்கான். திருடுன வண்டிக்கும் திருஷ்டி கழிச்சிருக்கான். இது யார் வழக்கம்? நாங்க ஞானஸ்நானம் வாங்கி மூனு தலைமுறை ஆச்சு. எந்தம்பி ஞாயித்துக்கிழமை பூசையில பாட்டுப் பாடுறவன். இது அவன் வேலை இல்ல. வா, சன்னாசி அண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டார். கோகிலன் அசையவில்லை. சொன்னால் அக்கா உடைந்துவிடுவார். சொல்லாவிட்டால் அக்கா பொய் சொன்னவர் ஆகிவிடுவார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

"அக்கா" என்றான். "போன வருஷம் நீங்க மைவி கார் வாங்குனப்ப கடை வாசல்ல என்ன நடந்துச்சு?"

கெர்ட்ரூட் திரும்பவில்லை.

"உள்ள கண்ணாடியில ஜெபமாலையத் தொங்கவிட்டது நீங்க. வெளிய நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சது லூயிஸ் அண்ணன். நான்தான் ஓட்டுனேன். 'சாமி உள்ள இருக்கட்டும், கண்ணு வெளியில இருந்துதானே வருது'ன்னு அண்ணன் சொல்லுச்சு. நம்ம ஊருல எந்த வேதக்காரன் எலுமிச்சம்பழம் வைக்காம வண்டி எடுக்கிறான் சொல்லுங்க?"

கீழே உறுமிப் பையன்கள் சமாதானமாகிவிட்டார்கள் போலிருக்கிறது, மெல்ல ஒரு தாளம் கேட்டது.

"தெரியும்டா" என்றார் கெர்ட்ரூட்.

"எப்ப இருந்து?"

"அந்த போல்ட் பெட்டியப் பார்த்தப்பவே."

கோகிலன் கறை படிந்த சட்டையை இழுத்துக் காட்டினான். "அப்புறம் எதுக்குக்கா மேளக்காரன், ரொட்டி சானாய், எஞ்சட்டை எல்லாம்?"

"வேற எவனாவது ஒருத்தன் கிடைப்பான்னு பார்த்தேன். எத்தனையோ பேரோட பொய்யைப் பிடிச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் நான் தப்பா இருந்துட்டுப் போறேனேன்னு நினைச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. இந்த அம்மாளை அழ வைத்த அந்த மனுஷனை நாலு சாத்துச் சாத்த வேண்டும் என்று கோகிலனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் ஒரு எஞ்சின் இருமியது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஜீப் நின்றது. நின்றது என்ன, ஊர்ந்தது. பின் கொக்கியில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் பழைய ரப்பர் மெஷினின் இரும்பு உருளை ஒன்று. தேரைவிடக் கனம் இருக்கும். ஜீப் அதை மண்ணில் உழுதுகொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்தது. ஓட்டுகிறவன் முகம் கரிச்சட்டி, பல் மட்டும் வெள்ளை.

"அக்கா, வந்துட்டியா" என்று லூயிஸ் குதித்து இறங்கினான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "இங்க பாரு. பதினாறும் உட்கார்ந்த எடத்துல உட்கார்ந்திருக்கு. ஒரு நூல் அசையல. மத்தியானத்துக்குள்ள கொண்டு போய் விட்டுடுவேன், யாருக்கும் தெரியாது."

"ஊருக்கே தெரியும்டா. போன் எங்க?"

"சார்ஜ் இல்ல."

"உனக்கு மூளையும் சார்ஜ் இல்ல. ஏன்டா எடுத்த?"

லூயிஸின் சிரிப்பு அணைந்தது. "போல்ட் போடச் சொன்னாங்கக்கா. தேர் மேட்டுல ஏறும்போது அது விட்டுச்சுன்னா? பின்னால முப்பது பொம்பளைங்க கைப்பிள்ளையோட நடந்து வாராங்க. நான் சொன்னா யார் கேக்குறா? ஜீப் பக்கம் வந்தாலே விரட்டுறாங்க."

பதில் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டுச் சன்னாசியின் மோட்டார்சைக்கிள் மேடு ஏறி வந்துவிட்டது. பின்சீட்டில் பத்துமலை, ஆடும் கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சன்னாசி இறங்கினார், ஜீப்பைப் பார்த்தார், லூயிஸைப் பார்த்தார், கடைசியில் கெர்ட்ரூடைப் பார்த்தார்.

"சொல்லு தங்கச்சி. யார் எடுத்தது?"

கோகிலன் மனசுக்குள் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டான். ஒரு சின்னப் பொய், ஒரே ஒரு சின்னப் பொய்.

"எந்தம்பிதான் எடுத்தான், அண்ணே" என்றார் கெர்ட்ரூட். குரல் ஆடவில்லை. "நான் குடுத்த வாக்கு வாக்குதான். கூட்டிக்கிட்டுப் போறேன்."

சன்னாசி பத்துமலையிடம் திரும்பினார். "நீ சூடம் அடிச்சியே."

"என் பட்டறையில அவன் கை படாதுன்னுதான் அடிச்சேன், தலைவரே" என்றான் பத்துமலை, தரையைப் பார்த்து. "படல. அங்க நான் கட்டி வச்ச கயித்தைப் பிடிச்சுத்தான் வெளிய இழுத்தான். கை பட்டதெல்லாம் இங்க ஸ்டோர்லதான். அம்மனுக்குத் தெரியும்."

அந்தச் சத்தியத்தில் சன்னாசிக்கு ஓட்டை ஒன்றும் கிடைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் போய்க் குந்தினார். ஒரு ஸ்பேனரை எடுத்து ரிவிட்டுகளைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறும் கணீர் கணீரென்று ஒரே குரலில் பதில் சொன்னன. கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். பிறகு மண்ணில் இரும்பு உருளை உழுதுவிட்டுப்போன தடத்தை, அது எங்கே ஆரம்பித்தது என்று தேடுகிறவர் போல, வெகுதூரம் வரைக்கும் கண்ணாலேயே நடந்து பார்த்தார்.

"மேட்டுல இழுக்குமா?"

"இழுக்கும்ணே" என்றான் லூயிஸ்.

"வாயால சொன்னா ஆச்சா? சட்டம் மாட்டுனவன்தான் ஜீப் ஓட்ட முன்னால உட்காரணும். விட்டுச்சுன்னா முதல் பதில் அவன்தான் சொல்லணும். போய்க் குளிச்சிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, ஆறு மணிக்கு வந்து நில்லு."

லூயிஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரிச்சட்டி முகத்தில் கண்ணீர் இரண்டு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. துடைக்கப் போய் முகத்தை இன்னும் கேவலமாக்கிக்கொண்டான்.

"அண்ணே, ஸ்டேஷன்?" என்றார் கெர்ட்ரூட். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"கூட்டிக்கிட்டுப் போயேன், யார் வேணாம்னா?" சன்னாசி ஸ்பேனரைப் பத்துமலையின் நல்ல கையில் திணித்தார். "இன்னைக்குத் தேரு. நாளைக்கு மஞ்சத்தண்ணி. ஞாயித்துக்கிழமை சாப்பாடு. அப்புறம், எஞ்சினுக்கு அடியில முன்பக்கச் சட்டம் ஒன்னு இருக்கு, அதுவும் துரு தின்னு போச்சு. அதையும் மாத்திக் குடுத்துட்டு வரட்டும். அதுக்கப்புறம் நீ தாராளமா ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

கெர்ட்ரூட் தம்பியைத் தேடினார். லூயிஸ் அதற்குள் ஜீப்பின் முன்னால் படுத்து அடியில் நுழைந்துவிட்டான். இரண்டு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.